கரண்ட் போன பிறகும் பாடிய பெட்டி

"வால்வா, டிரான்சிஸ்டரா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க அண்ணாச்சி."

ரெபேக்காளின் கேள்வியே தன்னைக் கேவலப்படுத்திவிட்டது போல நல்லதம்பி நிமிர்ந்து பார்த்தார். தென்காசி ரத வீதியில் இருக்கும் அவருடைய மைக்செட் கடை போர்டில், அவர் பேரைவிடப் பெரிதாக எழுதியிருப்பதே 'வால்வு செட்' என்பதுதான்.

"இதென்ன கேள்வி தாயி? சோறு திங்கியா, சோத்துப் படத்தைப் பாக்கியாங்கிற மாதிரி. டிரான்சிஸ்டர் பேசும். வால்வுதான் பாடும். எங்க கடை வாசப்படியை அந்தச் சாதனம் தாண்டுனதே கிடையாது."

"அப்போ மேலகரம் மண்டபத்துல அன்னைக்குப் போட்டது?"

"வால்வுதான். போலீஸ்லயும் அதைத்தான் சொன்னேன். இதே பெட்டி."

மேசை மேல் இருந்த சாம்பல் நிற இரும்புப் பெட்டியைக் காட்டினார். சூடேறிய கண்ணாடி வால்வுகளின் ஆரஞ்சு வெளிச்சம் அதன் கம்பி இடுக்குகளில் கனிந்துகொண்டிருந்தது. குழைந்த குரலில் ஒரு பழைய பாட்டு ஓடியது. பெட்டி மேல் அவர் விரித்திருந்த ஈரத்துண்டிலிருந்து ஆவி கிளம்பியது. சாரல் தொடங்கியதிலிருந்து தென்காசியில் எவர் வீட்டிலும் துணி காய்ந்தபாடில்லை.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக் கொடித் துணியை மொத்தமா அள்ளிட்டு வரட்டா?" என்றான் பிச்சுமணி. "பாட்டு கேட்ட மாதிரியும் இருக்கும், பனியன் காஞ்ச மாதிரியும் இருக்கும்."

"லே, தொடாத! கை வெந்துரும்."

பிச்சுமணி போன சீசன் வரை குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள். 'எண்ணெய் போட்ட கைக்கு அடியில எவனும் பொய் சொல்ல மாட்டான் யக்கா' என்று சொல்லித்தான் ரெபேக்காளிடம் வேலைக்குச் சேர்ந்தான். சப்-இன்ஸ்பெக்டர் வேலையை விட்டுவிட்டு ஒற்றை அறையில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருந்த ரெபேக்காளுக்கும், பொய்யைக் கையால் தடவிப் பார்க்கிற ஒருத்தன் தேவையாக இருந்தான்.

வேறொரு நாளாக இருந்தால் அவன் சொன்னதற்குச் சிரித்திருப்பாள். இன்று முடியவில்லை. மண்டபத்து வயர்மேன் சுடலைமுத்துவை விசாரணை என்று உட்கார வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் கொலைக் கேசில் கைது காட்டப்போகிறார்கள். அவன் பெண்டாட்டி முத்துசெல்வி விடிந்ததிலிருந்து ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டிருக்கிறாள்.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. திடீரென்று மண்டபமே இருட்டாயிற்று. வெளிச்சம் திரும்பியபோது பொண்ணுக்குப் பெரியப்பா ஜெகதீஸ்வரன், பின்கட்டு மாடிப்படிக்குக் கீழே மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். படிக்கு மேலே மெயின் போர்டு. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவரும் சுடலைமுத்துவும் அங்கே நின்று வாக்குவாதம் செய்ததைச் சமையல்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

"ஒரு பாட்டு நேரத்துக்கு லைட்டை அணைச்சிருலேன்னு அவுகதான் கேட்டாவ, நான் மாட்டேன்னேன்" என்கிறான் சுடலைமுத்து. தம்பி மகள் வரவேற்பில் எந்தப் பெரியப்பா இருட்டைக் கேட்பார்? எல்லோரும் சிரித்தார்கள். "மெயின்ல மூணு பியூஸ் கட்டையும் இல்ல, ஜெனரேட்டர் கரண்டும் அது வழியாத்தான் வரணும், நான் புதுசு போட்டுத்தான் லைட் வந்துச்சு" என்றும் சொல்கிறான். அதற்கு எஸ்.ஐ. மணிகண்டபிரபு சிரிக்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: "மெயினே போயிருந்தா மைக்செட் எப்படிவே பாடிக்கிட்டே இருந்துச்சு?"

உண்மைதான். விளக்கு போயிற்று, பாட்டு நிற்கவில்லை. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள். அப்படியானால் கரண்ட் இருந்திருக்கிறது. விளக்குக்குப் போகிற கட்டைகளை மட்டும் தெரிந்து பிடுங்கியது வயர்மேன் கைதான். எஸ்.ஐ.யின் கணக்கில் ரெபேக்காளாலும் ஓட்டை காண முடியவில்லை, நேற்று ராத்திரி ஒரு வீடியோவைப் பார்க்கிற வரைக்கும்.

அவள் போனை நல்லதம்பி முன்னால் வைத்தாள்.

பொண்ணின் சிநேகிதிகள், சேக்காளிப் பிள்ளைகள், மேடையில் ஆடுகிறார்கள். ஓரத்தில் இதே சாம்பல் பெட்டி. நல்லதம்பி தன் ஐஸ்கிரீம் கப்பைப் பெட்டி மேல் வைத்துவிட்டுத் தாளம் போடுகிறார். ஆட்டம் முழுசாக முடிகிறது. கப்பை எடுத்து மரக்கரண்டியால் தோண்டுகிறார். கரண்டி வளைகிறது. ஐஸ்கிரீம் வளையவில்லை.

"ஈரத்துண்டு ஆவி விடுத பெட்டி மேல ஐஸ்கிரீம் எப்படி அண்ணாச்சி கல்லு மாதிரி நிக்கி?"

நல்லதம்பி வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை வீட்டு ஐஸ்கிரீம்லா யக்கா" என்றான் பிச்சுமணி. "வீம்புக்கு உருகாம இருந்திருக்கும்."

பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நல்லதம்பி ஸ்டூலில் உட்கார்ந்தார். "வெளிய தெரியுத இரும்புக் கூண்டு மட்டும்தான் தாயி நம்ம கூண்டு. உள்ள இருந்தது கிங்ஸ்லி கடைச் செட்டு. டிரான்சிஸ்டர். மேசைக்கு அடியில கார் பேட்டரி."

"கூண்டை எதுக்கு மாட்டுனீங்க?"

"கல்யாணத்துக்குச் சுத்துப்பட்டு மைக்செட்காரன் பூரா வந்திருந்தான். நல்லதம்பி போயும் போயும் கிங்ஸ்லிகிட்ட இரவல் வாங்கி டிரான்சிஸ்டர் போட்டாம்னு தெரிஞ்சா நான் வேட்டி கட்டிக்கிட்டு இந்த வீதியில நடக்க முடியுமா?"

"போலீஸ்ல?"

"என்ன செட்டுன்னு கேட்டாவ. வாயில வந்துட்டு. செட்டு எதுவா இருந்தா அவங்களுக்கு என்ன?"

"உங்க வால்வு செட்டு பேட்டரியில பாடுமா?"

"எங்கிட்டுப் பாடும்? வீட்டுக் கரண்டு இருந்தாத்தான் அது கண்ணே முழிக்கும்."

"அப்போ வால்வு பாடுச்சுன்னா கரண்ட் இருந்துச்சுன்னு அர்த்தம். கரண்ட் இருந்துச்சுன்னா சுடலைமுத்து சொல்லுதது பொய்னு அர்த்தம். அவனை உள்ள வச்சிருக்கது போலீஸ் இல்ல அண்ணாச்சி. உங்க கூண்டு."

நல்லதம்பியின் கை, ஆவி விட்ட துண்டை மெல்ல உருவிக்கொண்டது. அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நான் அப்படி நினைக்கலயே தாயி... நான் அப்படி நினைக்கலயே."

"பேட்டரி செட்டு வேணும்னு கேட்டது யாரு?"

"செத்தவங்கதான்."

பிச்சுமணி நல்லதம்பி பக்கம் நகர்ந்து வந்தான்.

"ஜெகதீஸ்வரன் அண்ணாச்சிதான் கேட்டாவ. பட்டாளத்துல இருந்து வந்த நாள்முதலா சாயங்காலம் ஆனா இந்த ஸ்டூல்லதான் இருப்பாவ. வால்வு சூடேறி முடியிற வரைக்கும் எவனும் வாயைத் திறக்கக் கூடாதும்பாவ. அப்படிப்பட்டவுக வந்து, 'வால்வு வேண்டாம்லே, பேட்டரியில ஓடுத செட்டாப் போடு'ன்னாவ. என் நெஞ்சே விட்டுப்போச்சு."

"ஜெனரேட்டர் இருக்க மண்டபத்துல பேட்டரி எதுக்குன்னு கேக்கலையா?"

"கேட்டேன். 'இது காதுக்கு இல்லலே நல்லதம்பி. ஒரு காரியத்துக்கு. என்ன ஆனாலும் பாட்டை நிப்பாட்டிராத'ன்னாவ. என்ன பாட்டுன்னும் அவுகளே சொன்னாவ."

ரெபேக்காள் எழுந்தாள். "கிங்ஸ்லி செட்டையும் அந்த பேட்டரியையும் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க."

"எல்லார் முன்னாலயுமா?"

"எல்லார் முன்னாலயும்தான். கூண்டு இல்லாம."

ஸ்கூட்டர் மேலகரத்தைத் தாண்டுவதற்குள் சாரல் வலுத்தது. ஒரு டீக்கடைத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள்.

"கட்டையைப் பிடுங்குனது பெரியவர்னா, பெரியவரைத் தள்ளுனது யாரு யக்கா?"

"யாருமே தள்ளலைன்னா? அத்தனை பேர் ஈரக்காலோட ஏறி இறங்குன படி. இருட்டு."

"அப்போ சோலி முடிஞ்சுது. எஸ்.ஐ.கிட்ட சொல்லிட்டு வடை திங்கலாம்."

"ஐஸ்கிரீமைக் காட்டி விடச் சொன்னா விடுவாரா? பெரியவர் எதுக்காக இருட்டைக் கேட்டாருன்னு சொல்லணும்லா. ஒரு பாட்டு நேரம் யாரும் எதையும் பாக்கக் கூடாது. காலடிச் சத்தமும் கேக்கக் கூடாது. அந்த நேரத்துல மண்டபத்தை விட்டு வெளிய போகணும் எதுவோ. எல்லார் கண்ணும் எது மேல இருக்கோ, அது."

அவள் போனில் இன்னொரு படத்தைத் திறந்தாள். வெளிச்சம் வந்த உடனே எவனோ எடுத்தது. கீழே கிடக்கும் பெரியவர், அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிற மணப்பெண் மஞ்சு. ரெபேக்காள் அந்த முகத்தை நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். துக்கத்தைத் தவிர ஒன்றும் அதில் இல்லை.

"நீ முகத்தையே பாத்தா எப்படி யக்கா? மனுஷன் முகத்தை மட்டும்தான் தயார் பண்ணி வச்சிருப்பான்." பிச்சுமணி படத்தைப் பெரிதாக்கிக் கீழே தள்ளினான். "காலைப் பாரு."

பட்டுச்சேலைக் கரையில் செம்மண் சேறு. கணுக்கால் வரைக்கும் தெறித்திருந்தது.

"மேடையில கம்பளம், தளத்துல கிரானைட். பொண்ணு எந்த வயல்ல இறங்கிச்சு?"

ஒரு முடிச்சு அவிழ்ந்தால் ரெபேக்காளுக்கு டீ இனிக்கும். இன்றைக்குக் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டாள். ஒருத்தனை வெளியே கொண்டுவரப் புறப்பட்ட வழி, பெரியப்பாவைப் பறிகொடுத்த ஒரு பிள்ளையின் வாசலில் போய் முடிகிறது. அந்தப் பிள்ளை வாயைத் திறந்தால் என்னவெல்லாம் உடையும் என்று அவளுக்குத் தெரியும். திறக்காவிட்டால் வேப்பமரத்தடியில் நிற்கிறவளுக்கு என்ன ஆகும் என்றும் தெரியும்.

குற்றாலத்தில் மஞ்சு வீட்டு முற்றத்தில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொண்ணின் அப்பா குற்றாலீஸ்வரன், கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். பிச்சுமணி அவர் பக்கத்தில் போய் உட்கார, ரெபேக்காள் பின்பக்கமாக நடந்தாள். அருவிச் சத்தம் அங்கே நன்றாகக் கேட்டது. துவைக்கிற கல்லில் மஞ்சு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"எது வரைக்கும் போனே மஞ்சு?"

"தெருமுனை வரைக்கும்..." சொல்லிவிட்டுத்தான் திடுக்கிட்டாள். "நீங்க யாரு?"

"ரெபேக்காள். சுடலைமுத்து வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டிருக்கா."

அந்தப் பேரைக் கேட்டதும் மஞ்சுவின் தலை கவிழ்ந்தது. அருவி இரைந்துகொண்டே இருந்தது.

"போலீஸ்ல செலக்ட் ஆயிருந்தேன்" என்றாள் மஞ்சு. "கல்யாணத்தன்னைக்குக் காலையில பயிற்சியில போய்ச் சேரணும். புளியறை மாப்பிள்ளை வீட்ல, காக்கி போட்ட மருமக வேண்டாம்னுட்டாவ. அப்பா அதுக்கும் சரின்னுட்டாவ. பெரியப்பாதான், 'நான் அனுப்புதேன் போ'ன்னாவ."

"இருட்டுல."

"ஒரு பாட்டு. அது முடியதுக்குள்ள நான் தெருமுனையில பஸ் நிக்கிற இடத்துக்குப் போயிரணும். பாட்டு முடிஞ்சதும் அவுக கட்டையைச் சொருகி லைட்டைக் கொண்டுவந்திருவாவ. வேன்ல ஏதோ எடுக்கப் போயிருக்கான்னு கொஞ்ச நேரம் சமாளிப்பாவ. நான் முனைக்குப் போயிட்டேன் மேடம். பஸ்ஸும் வந்துட்டு. பாட்டு முடிஞ்சுது. மண்டபத்தைத் திரும்பிப் பாத்தேன். லைட் வரல. அடுத்த பாட்டு ஆரம்பிச்சுது. அப்பயும் லைட் வரல."

"திரும்பி ஓடி வந்தே."

"பின்வாசல் வழியா வந்தேன். படிக்குக் கீழ கிடந்தாவ. உசுரு இருந்துச்சு. என் கையைத் தடவிப் பாத்துட்டு..." அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "'பாட்டு நிக்கலயே, நீ ஏட்டி வந்தே?'ன்னு கேட்டாவ. அதுதான் கடைசி."

ரெபேக்காள் அவள் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள்.

"கட்டை மூணும் அவுக மடியில இருந்துச்சு. நான் எடுத்துட்டேன். பிள்ளையை ஓட்டிவிட லைட்டை அணைச்சவம்னு ஊரு பேசுமே, செத்தவுக வந்து பதில் சொல்ல முடியாதேன்னு. வயர்மேனைப் பிடிப்பாவன்னு அப்போ நினைக்கல. பொறவு தெரிஞ்சுது. இன்னைக்கு விட்டுருவாவ, நாளைக்கு விட்டுருவாவன்னு..."

"இன்னைக்குச் சாயங்காலம் கைது காட்டுதாங்க."

மஞ்சு நிமிர்ந்தாள். "நான் சொன்னா எம்மேல கேஸ் வருமா?"

"வரலாம். தடயத்தை எடுத்து வச்சிருக்கே."

"சேருததுக்கு நாள் தள்ளிக் கேட்டிருக்கேன். கேஸ் வந்தா பொறவு வேலை?"

"தெரியல மஞ்சு. கிடைக்கும்னு சொன்னா பொய் சொன்னவளாயிருவேன்."

மஞ்சு எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு மஞ்சப்பை. பாத்திரம் மோதுவது போல உள்ளே பீங்கான் சத்தம் கேட்டது. அதற்குள் நடைவாசலில் குற்றாலீஸ்வரன் வந்து நின்றார். எவ்வளவு கேட்டாரோ தெரியவில்லை. அவர் பின்னால் பிச்சுமணி, தடுக்கப் பார்த்தேன் முடியலை என்பது போலக் கையை விரித்தான்.

"எங்கட்டி கிளம்புதே?"

"ஸ்டேஷனுக்குப்பா."

"எங்க அண்ணன் பேரை ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் கொட்டப் போறியா?"

"பெரியப்பா போயிட்டாவ. உசுரோட ஒருத்தன் உள்ள இருக்காம்பா. அவன் அவுக கேட்டும் லைட்டை அணைக்க மாட்டேன்னவன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அண்ணன்..." என்றார் குற்றாலீஸ்வரன். அது மகளிடம் சொன்னதாகத் தெரியவில்லை. வாசலை விட்டு அவர் விலகவும் இல்லை. மஞ்சு அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

ஸ்டேஷன் வாசலில் கூட்டம். டீக்கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், போதாக்குறைக்கு கிங்ஸ்லி. உள்ளே எஸ்.ஐ. மணிகண்டபிரபுவின் மேசை மேல் ஒரு டிரான்சிஸ்டர் செட், கீழே பேட்டரி. நல்லதம்பி வியர்த்துப்போய் நின்றார்.

"இவர் என்ன மேடம், ஸ்டேஷன்ல கச்சேரி வைக்கணுங்காரு?" என்றார் எஸ்.ஐ.

"வைக்கட்டும் சார்."

நல்லதம்பி பாட்டைப் போட்டார். அதே பாட்டு. சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கி எஸ்.ஐ. கையிலேயே கொடுத்தார். பாட்டு ஒரு எழுத்துக்கூடத் தடுமாறாமல் போய்க்கொண்டிருந்தது.

"அன்னைக்குப் போட்டது வால்வு இல்ல சார்" என்றார் நல்லதம்பி, வாசலில் நிற்கிற கிங்ஸ்லிக்கும் கேட்கிற குரலில். "இதுதான். இரவல். நான் பொய் சொல்லிட்டேன். மண்டபத்துல கரண்ட் இல்ல. சுடலைமுத்து சொன்னது நெசம்."

"யண்ணாச்சி, இப்பத்தான் எண்ணெய் தேய்ச்சு உருவுன மாதிரி உம்ம பொய் பூரா கழண்டுச்சு" என்று பிச்சுமணி முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

மணிகண்டபிரபு கையிலிருந்த பிளக்கையே பார்த்தார். "சரி. கரண்ட் இல்ல. அப்போ பியூஸ் கட்டை எங்க?" பிறகு எரிச்சலோடு, "முதல்ல பாட்டை நிப்பாட்டும்வே!"

"நிப்பாட்ட வேண்டாம் சார்."

எல்லோரும் திரும்பினார்கள். மஞ்சு உள்ளே வந்து மஞ்சப்பையை மேசை மேல் கவிழ்த்தாள். மூன்று வெள்ளைப் பீங்கான் கட்டைகள். ஒன்றின் விளிம்பில் காய்ந்த ரத்தம். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த முத்துசெல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் பாட்டு முடியதுக்குள்ள நான் தெருமுனையைத் தாண்டணும்னு பெரியப்பா சொல்லியிருந்தாவ" என்றாள் மஞ்சு. "எழுதிக்கிடுங்க சார்."

எஸ்.ஐ. பேனாவை எடுத்தார். ரெபேக்காள் சுவரோடு சாய்ந்து நின்றாள். ஜெயித்த மாதிரி இல்லை. அந்தப் பிள்ளை நிற்கிற நிலையைத்தான் பார்த்தாள். முதுகு வளையாமல், குதிகால் சேர்த்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

மஞ்சு சொல்லி முடிப்பதற்கு முன்பே பாட்டு முடிந்தது. நல்லதம்பி அடுத்த பாட்டைப் போடவில்லை.